முனியோடு சேர்த்து வாங்கிய வீடு

வாலண்டைன், பாசீர் கூடாங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தரம் பார்க்கிறவர். வரிசையில் வரும் பிளாஸ்டிக் மூடிகளில் ஒன்றை எடுத்து, விளக்கில் காட்டி, விளிம்பை விரலால் தடவி, சரி என்றால்தான் தாளில் கையெழுத்துப் போடுவார். பார்க்காத பொருளுக்கு அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை. மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு அவசரம் என்று சொன்ன நாள்களிலும் போட்டதில்லை. அதனாலேயே ஒரு பதவி உயர்வு கைவிட்டுப் போனது. சில ஆண்டுகள் கழித்து அதனாலேயே இன்னொன்று கிடைத்தது.

அப்படிப்பட்டவர்தான் தம் வாழ்க்கையில் வாங்கிய ஆகப் பெரிய பொருளை உள்ளே பார்க்காமல் வாங்கினார். லேலோங் வீடு என்றால் அப்படித்தான். கடன் கட்ட முடியாதவரின் வீட்டை வங்கி ஏலத்துக்கு விடும்போது, வாங்க நினைப்பவர் வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போக முடியாது. எது எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபேச்சு இல்லை.

கூலாயில் ஒரு தாமான் குடியிருப்பில், நடுவரிசையில் இருந்த மாடியில்லாத ஒற்றைத் தட்டு வீடு அது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் திருப்பலி முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். கூரை, சுவர் வெடிப்பு, கால்வாய் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கார் நிறுத்தும் போர்ச்சின் மூலையில், நீலத் தார்ப்பாய் சுற்றிய ஏதோ ஒன்று இடுப்பளவு உயரத்தில் நின்றது. 'தண்ணீர் மோட்டார் அல்லது நாய்க்கூண்டு' என்று எழுதிக்கொண்டார்.

சாவி கைக்கு வந்த அன்று முதலில் தார்ப்பாயைத்தான் அவிழ்த்தார். உள்ளே முனி உட்கார்ந்திருந்தார். முறுக்கிய மீசை, மடியில் அரிவாள், காலடியில் கறுப்பு நாய். சிமெண்டில் செய்து வண்ணம் பூசிய சிலை. மேலே மஞ்சள் ஓடு போட்ட சின்ன மாடம். காய்ந்த எலுமிச்சம் பழம் ஒன்றும் பாதி எரிந்த சுருட்டு ஒன்றும் இன்னும் அங்கே இருந்தன.

வழக்கறிஞரிடம் கேட்டார். "நிலத்தோட பதிஞ்சிருக்கிறது எல்லாம் வாங்கினவருக்குத்தான் சொந்தம்" என்றார் வழக்கறிஞர். அதாவது வாலண்டைன் முனியையும் சேர்த்தே வாங்கியிருந்தார்.

மனைவி பியாட்ரிஸ் ஒரே ஒரு தடவை வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்தார். பாலர் பள்ளி ஆசிரியை. குரலை உயர்த்தாமலே இருபது பிள்ளைகளை உட்கார வைக்கிறவர்.

"அவங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லலங்க. ஆனா என் வாசல்ல இன்னொருத்தர் காவலுக்கு இருந்தா அது என் வாசல் இல்ல. அவரு போகட்டும், நான் வரேன்."

"ஒரு நாள் வேலை. ஆள் வச்சு எடுத்துரலாம்."

"எடுங்க."

பெர்மாஸ் ஜெயாவில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஆக, வாலண்டைனுக்கு ஏழு வாரம் இருந்தது.

முதலில் வந்த சீனக் கொன்ட்ரெக்டர் குளியலறையை அளந்தார், சமையலறையை அளந்தார், கூரைக்கு விலை சொன்னார். போர்ச்சுக்கு வந்ததும் அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாஸ், இது மட்டும் நான் தொட மாட்டேன். நாளைக்கு நான் ஏணியில ஏறணும்" என்றார். இரண்டாவது ஆள் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு வரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலண்டைனே சுத்தியலோடு வந்தார். முதல் அடிக்குக் கையை ஓங்கும்போதுதான் தெரு அமைதியாக இருப்பது காதில் பட்டது. திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கமும் ஆட்கள் அவரவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் திட்டவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு யோகேஸ்வரிதான் பேசினார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர்.

"அண்ணே, நீங்க இடிச்சிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்குவீங்க. பக்கத்துல இருக்கிறது நாங்க."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா."

"அவருக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கா இல்லையான்னு யாரு கேட்டா?"

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். வாலண்டைன் சுத்தியலைக் கீழே வைத்தார். அப்போதே அவருக்குப் புரிந்தது: ஓங்கிய கையை இறக்கியவர் அந்தத் தெருவில் இனி ஓங்க முடியாது.

வேலை முடிந்து வாலண்டைன் வீட்டைச் சுத்தம் செய்ய வரும் வெள்ளிக்கிழமை மாலைகளில் யார் யாரோ வந்து கேட்டருகே நின்று கும்பிட்டுப் போனார்கள். மூன்றாவது வீட்டுச் சீனர் லிம், ஓய்வு பெற்ற மின்சாரத் தொழிலாளி, ஊதுபத்தியோடு வந்து "மாஃப் டத்தோ" என்று, முனியைத் தாத்தா முறையில் அழைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கேட்டுக் கம்பியிடுக்கில் செருகுவார். பத்து ஆண்டுகளாக அவர் முனிக்கு ஊதுபத்தி கொடுக்கிறாராம். வாலண்டைனைப் பார்த்தால் தலையசைப்பார். ஆனால் டத்தோவிடம் பேசிய அளவுக்கு அவரிடம் பேசியதில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் தவறாமல் வந்த இன்னொருவர் லெட்சுமணன். அந்த வீட்டை இழந்தவர். அறுபது வயது, லாரி ஓட்டியவர், இப்போது பண்டார் தெங்காராவில் மகள் வீட்டில் இருக்கிறார். செம்பனைக் காட்டு வழியாக ஒரு மணி நேரம் மோட்டாரில் வந்து, தம் பழைய வீட்டின் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, "தம்பி, வரலாமா?" என்று கேட்பார். வாலண்டைன் திறந்துவிடுவார். லெட்சுமணன் தரையைக் கழுவி, விளக்கேற்றி, சுருட்டைப் பற்ற வைத்து முனியின் முன் வைப்பார். ஒரு தடவைகூட வீட்டின் பக்கம் கண்ணைத் திருப்பியதில்லை. அதுதான் வாலண்டைனுக்குத் தாங்கவில்லை. பார்த்துப் பெருமூச்சு விட்டிருந்தால்கூட ஆறுதல் சொல்லியிருக்கலாம்.

ஒரு பொருளை வாங்கினால், முன்பு அதைப் பிடித்திருந்த கைகள் விலகிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பத்திரம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கை எதைப் பிடித்திருந்தது என்பது பத்திரத்தில் இருப்பதில்லை.

யோகேஸ்வரிதான் வழி சொன்னார். "அது பிடிமண் எடுத்து வந்து வச்ச சாமி அண்ணே. பதினாலு வருசத்துக்கு முன்ன ஆயர் ஈத்தாம் பக்கம் லாரி கவுந்து, அவரு ஒரு கீறல் இல்லாம எந்திரிச்சு வந்தாரு. அந்த நேர்த்திக்கு, அவங்க தோட்டத்து முனி கோயில்ல ஒரு பிடி மண் எடுத்து வந்து வச்சாரு. எடுத்து வந்தவருதான் திரும்ப எடுக்கணும். அதுவும் உத்தரவு கேட்டுத்தான்."

"எப்படிக் கேக்கிறது?"

"பூ போட்டுத்தான். ஒண்ணுல செவப்பு, ஒண்ணுல வெள்ளைன்னு ரெண்டு பொட்டலம் கட்டி, ஒண்ண எடுக்கணும். செவப்பு வந்தா கெளம்புறாரு. வெள்ளை வந்தா இருக்காரு."

வாலண்டைன் லெட்சுமணனை மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தேநீர் ஆறிய பிறகுதான் கேட்டார்.

"அண்ணே, பூ கேட்டுருவோமா? தெரு முன்னாடியே கேப்போம்."

"கேக்கலாம். வெள்ளை வந்தா?"

அந்தக் கேள்வி வாலண்டைனின் தூக்கத்தைப் பல நாளாகக் கெடுத்துக்கொண்டிருந்தது. பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதி தேறும் பொருளை அவர் தம் தாளில் ஏற்றவே மாட்டார். குனிந்து, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பே வச்சிட்டா வெள்ளை எப்படி வரும்?"

லெட்சுமணன் கோப்பையைக் கீழே வைத்தார். "பொட்டலம் கட்டுறது நானு."

"அதான் உங்ககிட்ட சொல்றேன். புது இடத்துல நல்ல மாடமா கட்டிக் கொடுத்துடறேன். மக வீட்டுப் பக்கமே. செலவு என்னோடது."

"மக இருக்கிறது மூணாவது மாடி தம்பி."

"கீழ எங்கயாவது..."

"நீங்க சொல்றீங்க" என்றார் லெட்சுமணன். தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "சரி."

வாலண்டைன் வீட்டுக்கு வந்து பியாட்ரிஸிடம், "வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிரும்" என்றார். எப்படி என்று அவர் கேட்டார். "அவங்க முறைப்படி" என்று மட்டும் சொன்னார். பியாட்ரிஸ் பாத்திரங்களைப் பழைய நாளிதழில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். பல வாரங்களாக முனகாத ஒரு பாட்டை முனகினார். வாலண்டைன் அந்தப் பக்கம் போகாமல் வெளியே நின்றார்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குத் தெருவே போர்ச்சில் இருந்தது. செருப்புகள் கேட்டுக்கு வெளியே சாலைவரை கிடந்தன. லெட்சுமணன் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தார். வாழையிலைத் துண்டில் சுற்றி நூலால் கட்டிய இரண்டு பொட்டலங்களைத் தட்டில் வைத்து முனியின் காலடியில் குலுக்கினார். ஒன்றை எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது.

"அங்கிள் லிம் எடுக்கட்டும்" என்றார் யோகேஸ்வரி. "அவருக்கு யாரு வந்தாலும் போனாலும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லை" என்றார் லிம், மலாயில். "டத்தோ போய்ட்டா நான் எங்க போறது? ஆனா எடுக்கறேன்."

அதற்கு முன் லெட்சுமணன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எது வந்தாலும் அதுதான். அப்புறம் பேச்சு கிடையாது. தம்பி, நீங்களும் சொல்லிருங்க."

எல்லாரும் வாலண்டைனைப் பார்த்தார்கள். "எது வந்தாலும் அதுதான்" என்றார் வாலண்டைன். முகத்தில் தயக்கம் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்சம் காட்டினார். தமக்கு நடிக்க வருகிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

லிம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நூலைப் பிரித்தார். நந்தியாவட்டை. பால் வெள்ளை.

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். லிம் முனியைப் பார்த்து, "சரி, சரி, இருங்க" என்று சிரித்தார். வாலண்டைனும் ஒரு நொடி உண்மையிலேயே முனியைத்தான் பார்த்தார். சிவப்பு வைத்த இலையில் வெள்ளை எப்படி வந்தது? அப்புறம்தான் லெட்சுமணனின் முகத்தைப் பார்த்தார். அதில் வியப்பே இல்லை.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்றார்கள். "நான் கால்வாய்ல விட்டுடறேன்" என்று வாலண்டைன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். சமையலறைத் தொட்டியருகே நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

அதிலும் நந்தியாவட்டை.

பிரித்த இலையை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்துக்குக் காட்டலாம். காட்டினால், லெட்சுமணன் ஏன் ஏமாற்றினார் என்று கேட்பார்கள். லெட்சுமணன் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். மாமாக் கடையில் யார் முதலில் வாயைத் திறந்தது என்று. வாலண்டைன் பூவைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தார். அது சல்லடையில் மாட்டிக்கொண்டது. விரலால் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளினார்.

வெளியே வந்தபோது யோகேஸ்வரி அவர் கையில் சர்க்கரைப் பொங்கலைத் திணித்தார். "அண்ணே, அவரு உங்கள ஏத்துக்கிட்டாரு. இனிமே நீங்க நம்ம ஆளு." எதிர்வீட்டுக்காரர் தம் பெயரைச் சொல்லிக் கை கொடுத்தார். இத்தனை வாரமாக யாரும் சொல்லாத பெயர்களெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தன. லிம் குளியலறை வயரிங்கை நாளைக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார், காசு வேண்டாம் என்றார். சாப்பிட்ட பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.

பியாட்ரிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"வெள்ளையும் வரலாம்னு தெரியாமலா சம்மதிச்சீங்க? நீங்களா?"

வாலண்டைன் அடுக்காமல் கிடந்த ஒரு தட்டை எடுத்து நாளிதழில் சுற்றினார். அந்த மாதக் கடைசியில் அவர்கள் வீடு மாறினார்கள். வேறு போக்கிடம் இல்லை. சாமான்களை லாரியிலிருந்து தெருக்காரர்களே போர்ச் வழியாக உள்ளே தூக்கி வைத்தார்கள். பியாட்ரிஸ் மட்டும் வரிசையைச் சுற்றி, பின்சந்து வழியாக வந்து சமையலறைக் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். வேலைக்குப் போவதும் வருவதும் பின்வாசலில். பின்சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலாய்க் குடும்பத்தோடு அவருக்கு நல்ல பழக்கமாகிவிட்டது. முன்தெருவில் அவரை இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டால் வாலண்டைன், "அவங்களுக்கு அந்தப் பக்கம் கிட்ட" என்பார்.

வீடு மாறிய முதல் வெள்ளிக்கிழமை லெட்சுமணன் வந்தார். செருப்பைக் கழற்றினார். வரலாமா என்று கேட்கவில்லை. வாலண்டைன் கேட்டைத் திறந்துவிட்டு அருகிலேயே நின்றார். லெட்சுமணன் தரையைக் கழுவி முடித்தார்.

"இன்னொண்ணைப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் லெட்சுமணன், துடைப்பத்தை உதறிக்கொண்டே.

"பாத்தேன்."

"ம்."

"ஏண்ணே அப்படிப் பண்ணீங்க? சரின்னு சொன்னீங்களே."

லெட்சுமணன் விளக்குத் திரியைத் திருகினார். "செவப்பு வந்தா எடுத்துக்கிறேன்னுதான் வந்திருப்பேன் தம்பி. நேரா, ஒரு செவப்பு ஒரு வெள்ளை வச்சு, வந்தது வந்தபடி. நீங்க ஏமாத்தலாம்னு சொன்னீங்க. ஏமாத்துறதுன்னு ஆயிப்போச்சு, அப்புறம் நான் ஏன் உங்களுக்காக ஏமாத்தணும்?"

இருபத்திரண்டு ஆண்டில் வாலண்டைன் தள்ளிவைத்த மூடிகளில் எதுவும் அவரைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை.

"செவ்வா, வியாழன்ல நீங்க இரவு வேலைன்னு யோகேஸ்வரி சொல்லிச்சு" என்றார் லெட்சுமணன். "கிருத்திகை, அமாவாசை எந்தக் கிழமையில வந்தாலும் நான் வரணும். உங்க வீட்டுக்காரம்மா திறக்க மாட்டாங்க. அவங்களத் தொந்தரவு பண்ணவும் கூடாது."

பக்கத்து வீட்டில் யோகேஸ்வரி துணி மடிப்பதை நிறுத்தியது தெரிந்தது. வாலண்டைன் கால்சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளையம் இறுக்கமாக இருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பி, கேட்டுச் சாவியைக் கழற்றி நீட்டினார். லெட்சுமணன் இரண்டு கையாலும் வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, முனியின் முன் சுருட்டைப் பற்ற வைக்க உட்கார்ந்தார்.