பின் ஆக்ஸிலுக்கு மேலே

எழுபதுகளில் ஷார்ஜாவில் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே அடிக்கடி வரும் அரபி ஒருவர் தன் பழைய அமெரிக்கக் காரை ரேஸ் வண்டியைப் போல மாற்றச் சொன்னார். பின் சக்கரங்களைச் சுழற்றும் பின் ஆக்ஸிலுக்கு எந்த கியர் செட் என்பதை என்னிடமே விட்டார். வேகத்தை மட்டும் நினைத்து ஒன்றை மாட்டினேன்.

"யல்லா, வா போகலாம். மாட்டினவன் பக்கத்துல உட்காரணும்" என்றார். அது அவர் வழக்கம்.

அபுதாபி ரோட்டில் வண்டி பறந்தது. திடீரென்று குறுக்கே ஒட்டகம். அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் அடங்கவில்லை. நான் போட்ட கியர் வண்டியை இழுத்துப் பிடிக்கவில்லை. பழைய பிரேக் கிறீச்சிட்டது. செத்தோம் என்றே நினைத்தேன். வண்டி மணலில் இறங்கி நின்றது.

வேலை போயிற்று என்றுதான் எண்ணினேன். அவர் இன்ஜினை அணைத்தார்.

"கலாஸ், போதும். மெதுவா போற செட்டையே மாட்டு. வெள்ளிக்கிழமை லீவு, என் பிள்ளைங்க இதுல வரும்."

அத்தனை நாள் பின் ஆக்ஸிலுக்கு அடியில் கிடந்தவன், அதற்கு மேலே ஒரு சீட் இருந்ததை அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.