ஞானராஜ் சாரை நம்பர் பிளேட்டில் ஒட்டாதீர்கள்

விளாங்குடியில் கம்பத்தின் மேல் நின்று கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கீழே ஏணியைப் பிடித்திருந்தவர் போனைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம ஸ்டிக்கர் சார் போயிட்டாராம்" என்றார். டூட்டிக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதியில் விட்டால் அவர் திட்டுவார்.

ஊர்ப் பையன்கள் ஸ்டிக்கர் சார் என்று கேலியாக அழைத்தது, போக்குவரத்துக் காவல் சிறப்பு உதவி ஆய்வாளர் ஞானராஜ் அவர்களை. நான் சாலைக் கேமராக்களைப் பராமரிக்கும் தனியார் நிறுவனத்தில் பொறியாளன். ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கேமராவே எண்ணைப் படித்து அபராதத்தை வீட்டுக்கு அனுப்பும் காலத்தில், இவர் ஏன் வெயிலில் நின்று வண்டியை மறிக்கிறார் என்று நேராகவே கேட்டேன். "படிக்க முடியிறத நீ பாரு தம்பி. முடியாததுக்குத்தான் நான் நிக்கிறேன்" என்றார்.

நம் ஊரில் ஒரு வழக்கம். அப்பாவோ நண்பனோ இறந்துவிட்டால், அவர் படத்தை ஸ்டிக்கராக அடித்து நம்பர் பிளேட்டில் ஒட்டிக்கொள்வார்கள். எண் ஒரு ஓரத்தில் எறும்பு ஊர்வது போலக் கிடக்கும், அல்லது கிடக்கவே கிடக்காது. துக்கத்தில் இருப்பவனிடம் என்னத்தைக் கேட்பது என்று, சாரும் ஒரு காலத்தில் அந்த வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தவர்தான்.

சமயநல்லூர் விபத்து அதை மாற்றியது. சைக்கிளில் வந்த ஒரு தச்சரை பைக் ஒன்று அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனது. அவர் பிழைக்கவில்லை. அந்த பைக் எங்கள் கேமராவில் விழுந்திருந்தது. தச்சரின் மகள் பார்க்க வந்தார். படத்தைப் பெரிதாக்கினேன். பிளேட் முழுக்க யாரோ இறந்துபோனவரின் முகம். மீசை தெரிந்தது, வெள்ளைச் சட்டை தெரிந்தது. யாரென்று தெரியவில்லை. எண் இருந்த இடத்தில் வெறும் கறுப்புத் தீற்றல்.

"இன்னுங் கொஞ்சம் பெருசாக்குங்கண்ணே" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார். எம்புட்டுப் பெரிதாக்கினாலும் இல்லாதது வராது என்று சொல்லிவிட்டேன். சார் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை.

அதன்பிறகு படம் ஒட்டிய ஒரு வண்டியையும் அவர் விட்டதில்லை. அபராதம் போடுவதோடு முடியாது. வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்வார். பசை இளகியதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரத்திலிருந்து நகத்தால் மெல்ல மெல்ல உரிப்பார். ஒரு படமும் கிழிந்து நான் பார்த்ததில்லை. கே.கே. நகரில் ஒருநாள் ஒரு பையன், "எங்கப்பா சார், செத்து ஒரு மாசங்கூட ஆகல" என்று அழுதுவிட்டான். சார் உரித்த படத்தை பெட்ரோல் டேங்க்கில் ஒட்டி, கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார்.

"இங்க இருந்தா நீ பாப்பேல்ல. பின்னால வர்றவனுக்கு எதுக்குடா உங்கப்பா?"

பையன் அழுகையோடு சிரித்தான். அபராதத்தையும் கட்டிவிட்டுத்தான் போனான். பெரிய இடத்திலிருந்து சிபாரிசுப் போன்களும் வரும். சரிங்கய்யா, சரிங்கய்யா என்று பணிவாகக் கேட்டபடியே உரித்துக்கொண்டிருப்பார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுவில் சாருடைய மகன் டேனியலின் பைக். பிளேட் முழுக்க சீருடையில் சார் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் அடித்துக் கொடுத்ததாம். அங்கேயே அவனைத் தனியாகக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

"அம்புட்டுப் பேரும் போஸ்டர் ஒட்டுறாய்ங்க. நான் எங்கப்பாவ ஒட்டக் கூடாதாண்ணே?"

கூடாது என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் ஒரு சிக்னல் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அதே பைக் திரையில் வந்தது. பணியில் இருந்த காவலர் கைகாட்டி நிறுத்தினார். பின்பக்கம் போய் பிளேட்டைப் பார்த்தார். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். போகச் சொல்லிவிட்டார். திரையின் மூலையில், படிக்க இயலவில்லை என்று எழுத்து வந்து போனது. எனக்கு சமயநல்லூர்ப் படம்தான் கண்ணில் நின்றது. இப்போது அந்த இடத்தில் சாருடைய முகம்.

மறுநாள் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். டேனியலிடம் சுற்றி வளைக்காமல், "உங்கப்பா முகத்தப் பாத்து ஒரு வண்டிய விட்டுட்டாய்ங்கடா" என்றேன். நேற்றைய சல்யூட் அவனுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அது முகத்திலிருந்து மெதுவாக வடிந்தது. வேப்பமரத்து நிழலில் நின்ற பைக்கை அவனே வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

காத்திருந்தோம். எனக்குப் பொறுமை போதவில்லை. பசை இளகியிருக்கும் என்று ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். நெற்றிக்குக் குறுக்கே கிழிந்துவிட்டது. டேனியல் என் கையை விலக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மீதியை நகத்தால் சுரண்டத் தொடங்கினான். கண், மூக்கு, காக்கிச் சட்டையின் காலர். டேங்க்கில் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் எண் முழுதாகத் தெரிந்தது, அங்கிருந்தே படித்தேன்.

போய் வாருங்கள், சார்.