கடைமடைக்காரரின் கேள்வி

தியாகராசனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், கேள்வி கேட்பார். திருவாரூர் பக்கம் கடைமடையில், அதாவது வாய்க்கால் போய் முடிகிற இடத்தில், குத்தகைக்கு நெல் போடுகிற மனிதர். ஒருநாள் மழைக்கு நூலகத்தில் ஒதுங்கியவர் கையில், நூறு வருடத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிய புத்தகம் அகப்பட்டது. பிடித்தது சனி!

இந்தியா என்று பேச்சை எடுத்தாலே லண்டன் சபையில் பாதிப் பேர் சாப்பிடக் கிளம்பிவிடுவார்களாம். அந்த மனுஷர் மட்டும் காலி பெஞ்சுகளுக்கு நடுவே எழுந்து, விளையாத நிலத்துக்கு ஏன் வரி என்று கேட்பாராம். "விசாரிக்கிறோம்" என்பாராம் மந்திரி. அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வி. பிறகு அவருடைய சொந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்தது, சிநேகிதரே மந்திரியானார். அப்போதும் விடவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு சீட் கொடுக்கவில்லை.

"அவருக்கு இங்க ஒரு மா நெலமாவது இருந்துச்சா? இல்லாமலே கேட்டிருக்காரு பாரு" என்று மனைவி பூவம்மாளிடம் உருகுவார் தியாகராசன்.

"ஒங்க வெள்ளைக்காரரு வந்து நம்ம வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவாரா? சோறு ஆறுது, வாங்க" என்பாள் அவள்.

மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். மற்றவர்கள் காய்ந்த பயிரைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டுக் கத்துவார்கள். இவர் வெறுங்கையோடு போய் ஒன்றே ஒன்று கேட்பார்: "அணை தொறந்தாச்சு. கடைமடைக்கு எப்பங்க தண்ணி வரும்?" பார்க்கலாம் என்று பதில் வரும். மறுமாதமும் போய் அதையே கேட்பார்.

இந்த வருடம் சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வழக்கம்போல எழுந்து கேட்டார். இன்ஜினியருக்கு எரிச்சல்.

"தண்ணி விட்டாச்சுங்க. மேல யாரோ மணல் மூட்டை போட்டு மறிச்சிருக்காங்க. யாருன்னு சொல்லுங்க, இன்னைக்கே எடுக்குறேன்."

கூட்டம் தியாகராசனைத் திரும்பிப் பார்த்தது. மறித்தவர் யார் என்று கடைமடைக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். தியாகராசனின் சம்பந்தி அமிர்தலிங்கம்தான். மகள் மேகலா வாழப்போன வீடு. இவர் முகத்துக்காகத்தான் ஊரே பொறுத்துக்கொண்டிருந்தது. அட, இவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? ஆனாலும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சாயங்காலமே மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். பயிர் பிழைத்தது. மேகலா போன் பண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அதற்காகப் பொங்கல் சீரை நிறுத்த முடியுமா? பூவம்மாள் வர மறுத்துவிட்டாள். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், புது அரிசி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இவர் மட்டும் போனார்.

மேகலா வாசலிலேயே நிறுத்தினாள். "உள்ள வராதீங்கப்பா. மாமா இருக்காரு. வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்பா." அவள் ஒரு படி இறங்கி வந்தாள். "நம்ம வயலு வெளஞ்சுதா?"

"வெளஞ்சுதும்மா. அந்த அரிசிதான் இது."

மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, அரிசிப் பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு, அழுதபடியே உள்ளே போனாள்.