ஜூஜுவாடியில் கேட்ட பத்துக் குரல்கள்

இசைத்தொகுப்பு ஒன்றின்மீது நான் கொண்ட பொறாமையை மறைத்தால் இக்குறிப்பு பொய்யாகிவிடும். ஆகவே உள்ளவாறே எழுதுகிறேன்.

மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடிச் சோதனைச்சாவடியில் எங்கள் பேருந்து நிற்கிறது. கரீம் பாயின் தேநீர்க் கடையில் புதிய ஒலிநாடா ஒன்று சுழல்கிறது. ஜமைக்கா நாட்டு ரெகே இசைப் பாடகர் பதின்மரின் பாடல்களைத் திரட்டிய தொகுப்பு அது. அனுமதிச்சீட்டுக்குக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள் ஆளுக்கொரு பாடகரைத் தமக்கென வரித்துக்கொண்டு, அவர் குரல் எழுந்ததும் "நம்மாளு வந்துட்டான்!" என்று கூவுகின்றனர்.

புலவர் பன்னிருவரின் பாடல்களை ஆறாண்டுகள் உழைத்து நான் தொகுத்த நூல் என் பையில் இருக்கிறது. அதை வெளியிட்ட மன்றத்தாரே ஒரு புலவரை மற்றவரினின்று பிரித்தறியார்.

"பாய், இப்பாடல்களின் பொருள் விளங்குகிறதா?"

"அர்த்தம் யாருக்குங்க ஐயா தெரியும்? அழுவறவன் எவன், கோவத்துல பாடறவன் எவன்னு தெரியுதுல்ல, போதாதா? நீங்களும் ஒருத்தன வெச்சுக்கங்க. ஆறாவது ஆளுக்கு இன்னும் யாரும் சேரல."

ஓட்டுநர்கள் சிரிக்கின்றனர். எனக்கு நெஞ்சு எரிகிறது. என் நூலைக் காட்டிவிடும் எண்ணத்துடன் பையைத் திறக்கிறேன். அதற்குள் ஆறாமவர் பாடத் தொடங்குகிறார்; தளர்ந்த, முதிய குரல். நடத்துநர் இருமுறை அழைத்தும், பாடல் முடியும்வரை நான் எழவில்லை.

பாடகர்களின் எண்ணிக்கையிலோ வரிசையிலோ பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துக. ஆறாமவரை மட்டும் எவரும் தமக்கெனக் கேட்க வேண்டா.