துளையை அடைத்த மேஸ்திரி

கனமான பொருள்களைச் சங்கிலி போட்டுத் தூக்கி நகர்த்துவது அவர் தொழில். பெயர் என்னவோ ஒன்று இருந்தது. ஊர் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி மேஸ்திரி. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். “பயந்தவன் கையில பத்து விரலும் இருக்கும், எண்ணிப் பாத்துக்கோ” என்று கையை விரித்துக் காட்டுவார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தடவிப் பார்ப்பார். கொக்கியைத் தட்டிப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். ஆலைக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள், ஆனால் அடுத்த இயந்திரத்தை இறக்கவும் அவரைத்தான் தேடி வருவார்கள். பயம்தான் அவருக்குச் சோறு போட்டது.

அவருக்குக் கைகாட்டுவது அவர் மனைவி. எடை அந்தரத்தில் தொங்கும்போது மேஸ்திரியின் கண்ணுக்கு அவள் கை ஒன்றுதான் தெரியும். உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்கு, கீழே பார்த்தால் இறக்கு, முஷ்டி பிடித்தால் நிறுத்து. ஒல்லியான உடம்பு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த வாய்தான் கலகலப்பு. அவள் இல்லாமல் தனக்கு ஒரு நாள் ஓடாது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பயங்களுக்கெல்லாம் தாய்ப் பயம் அதுதான்.

அப்படிப்பட்டவரைத்தான் பொட்டல்மேட்டுக் கல்திட்டைக்குக் கூப்பிட்டார்கள். எந்தக் காலத்திலோ யாரோ நான்கு பலகைக் கற்களைப் பெட்டிபோல நிறுத்தி, மேலே யானை கனத்தில் ஒரு மூடுகல்லை ஏற்றியிருந்தார்கள். ஒரு பக்கப் பலகை பாதியாக உடைந்து, மூடுகல் சாய்ந்துவிட்டது. அதைச் சற்றே தூக்கி, உள்ளே கட்டைகளை அடுக்கித் தாங்க வைக்க வேண்டும். உடைந்த பலகைக்கு மேலே இருந்த சந்து வழியாக மனைவி ஊர்ந்து போய்க் கட்டை அடுக்குவதென்று ஏற்பாடு.

மேஸ்திரியை வெலவெலக்க வைத்தது மூடுகல் அல்ல. எதிர்ப் பலகையின் நடுவில் வட்டமாக ஒரு துளை இருந்தது, ஒரு கை தோள்வரை போகும் அளவுக்கு. உள்ளே கும்மிருட்டு. எந்தப் பக்கம் நின்றாலும் அது தன்னையே பார்ப்பதுபோல அவருக்குப் பட்டது.

“இது எதுக்குங்க மேடம்?” என்று ஆராய்ச்சிக்கு வந்திருந்த அம்மாவைக் கேட்டார்.

“செத்தவங்க உயிர் போய்வர்றதுக்குன்னு சிலர் சொல்றாங்க. உள்ள சாப்பாடு வைக்கன்னு சிலர் சொல்றாங்க. இது சமாதியா, நினைவுச்சின்னமான்னே சண்டை ஓயல. உண்மையைச் சொன்னா எனக்குத் தெரியாது மேஸ்திரி.”

தெரிந்தால் பயம் போகும் என்று நினைத்துக் கேட்டவருக்கு அது இரட்டிப்பாயிற்று. ஒரு கோணிச்சாக்கைச் சுருட்டித் துளைக்குள் திணித்தார். மேலே ஒரு மர ஆப்பை வைத்துச் சுத்தியலால் இறுக்கினார். தூக்கும் கல்லில் ஓட்டை இருந்தால் விரிசல் விடும், அதனால் அடைப்பது தொழில் வழக்கம் என்று காரணமும் சொன்னார். அசையாமல் நிற்கப்போகிற பலகைக்கு அது எதற்கு என்று மனைவிக்கா தெரியாது?

“ஏங்க, கல்லுக்கே கண்ணைக் கட்டிட்டீங்களே! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.” சிரித்துக்கொண்டே சந்துக்குள் நுழைந்தாள். மூடுகல் சற்றே எழும்ப, கட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

சங்கிலி அறவில்லை. கொக்கியும் நழுவவில்லை. மூன்று முறை சரிபார்த்தவை எப்படி அறும்? சங்கிலியைத் தொங்கவிட்டிருந்த இரும்பு முக்காலியின் ஒரு கால் ஊன்றியிருந்த மண்தான் உள்வாங்கியது. மூடுகல் வழுக்கி உடைந்த பலகையின் மேல் இறங்கியது. பலகை உள்பக்கமாகச் சரிந்து, அவள் நுழைந்த சந்து அடைபட்டது. அவள் அடுக்கியிருந்த கட்டைகள் மட்டும் மூடுகல்லைத் தாங்கி நின்று முனகின. ஆராய்ச்சி அம்மா கிரேனுக்குப் போன் போட ஓடினார்.

உள்ளே அவள் இருமினாள். பிறகு இருமலும் குறைந்தது. மேஸ்திரி கல்லைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். எந்தப் பக்கமும் விரல் நுழையும் இடுக்குகூட இல்லை. காற்றுக்கு இருந்த ஒரே வழியைத் தன் கையாலேயே அடைத்திருந்தார்.

சுத்தியலால் தட்டினால் அதிர்வில் மூடுகல் இறங்கிவிடும். ஆப்பை விரல்களால் நெம்பினார். ஊரறிய ஒழுங்காக வேலை செய்கிறவர் அல்லவா, இம்மியும் அசையாதபடி இறுக்கியிருந்தார். நகம் பெயர்ந்தது. “பாவி, பாவி” என்று தன்னையே திட்டிக்கொண்டு, கத்தியால் சாக்கை நார் நாராக அறுத்து இழுத்தார். ஆப்பு தளர்ந்து விழுந்தது. எந்தத் துளையைப் பார்க்கவே பயந்தாரோ அதற்குள் கையைத் தோள்வரை விட்டார்.

இருட்டுக்குள் ஒன்றும் இல்லை. துழாவினார். பிறகு புழுதி படிந்த விரல்கள் அவர் விரல்களைப் பற்றின.

“இருக்கியா?”

“இருக்கேன். கையை எடுத்துடாதீங்க.”

அவர் எடுக்கவில்லை. கிரேன் வந்தபோது அதன் இரைச்சலில் குரல் எதுவும் கேட்கவில்லை. கட்டைகளைத் தொட்டுக்கொண்டு உள்ளே இருந்த அவளுக்குத்தான் கல்லின் அசைவு தெரியும். அவள் உள்ளங்கையை மேலே பார்க்க விரித்தாள், அதைத் தடவி அறிந்து, அவர் வெளியே மறுகையை அப்படியே விரித்தார், கிரேன் தூக்கியது. அவள் சட்டென்று முஷ்டி பிடித்தாள்; அவரும் பிடித்தார்; கல் நின்றது. இப்படியே மூடுகல் எழும்பி, பலகை விலகி, சந்து திறந்தது. அவள் ஊர்ந்து வந்து வெளியே உட்கார்ந்தாள். மேஸ்திரி எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதார்.

தண்ணீர் குடித்து ஆசுவாசப்பட்டபின் அவர் ஆராய்ச்சி அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: “கல்லு முழுக்கச் சொரசொரன்னு இருக்கு மேடம். துளையோட கீழ் விளிம்பு மட்டும் கயிறு தேச்ச கிணத்து விளிம்பு மாதிரி வழவழன்னு இருக்கு. உள்ள கிடந்தவங்களை விட மனசில்லாம, வெளிய இருந்தவங்க கையை விட்டுப் பாத்திருப்பாங்க. நெறைய பேரு. நெறைய நாளு.”

அந்த அம்மா விளிம்பைத் தடவிப் பார்த்தார். “இருக்கலாம். மழையும் தேய்ச்சிருக்கலாம்” என்றார்.

மேஸ்திரிக்குத் தன் பதில் பிடித்திருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அந்தத் துளையை நேருக்கு நேர் பார்த்தார். இத்தனை நேரம் பேயென்று நினைத்தது வெறும் பாசமா என்று மனம் லேசாயிற்று.

சங்கிலியைச் சுற்றி வண்டியில் ஏற்றும்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

“நீங்க சொன்னதைக் கேட்டேன். உங்க கை வர்ற வரைக்கும் நானும் அந்தத் துளையைத்தான் புடிச்சிட்டு இருந்தேன்” என்றாள். “உள் பக்க விளிம்பும் வழவழன்னுதாங்க இருக்கு.”

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அங்கே மழை பெய்யாது; உள்ளே கிடந்தவர்களும் அதைப் பற்றித் தேய்த்திருக்க வேண்டும். புரிந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.