ஐப்பசியில் அலசிய கம்பளம்

எங்கள் படுக்கையறையில் சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்டியிருக்கிறது. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, உப்புக் காற்றில் பூட்டே துருப்பிடிக்கிற புதுச்சேரியில் இப்படி ஒன்றை யார் ஒட்டுவார்கள்? வீட்டுக்கார அம்மாள் ஒட்டினார். பாரீசில் குடியிருப்பவர். ஓய்வுக்காலத்தை இங்கே கழிக்கப்போவதாக நினைத்து, அங்கே இருப்பதுபோலவே இங்கேயும் இருக்கட்டும் என்று போட்டாராம். அவர் வரவில்லை, நாங்கள் வாடகைக்கு வந்தோம். அதைக் கம்பளம் என்றால் அவருக்குப் பிடிக்காது. "மொக்கேத்துனு சொல்லுங்க, முசே" என்று பிரெஞ்சில் திருத்துவார். என் மனைவி மொக்கை என்பாள், என்னிடம் மட்டும்.

சென்ற ஐப்பசியில் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. அவள் மருத்துவமனையில் இருந்தபோது பாரீசிலிருந்து போன் வந்தது.

"ரூம் காலியாதான இருக்கு. மொக்கேத்துக்கு ஒரு ஷாம்ப்வேன் போட்டுடலாம். நானே ஆள் அனுப்பறேன்."

மழை விடட்டும் என்றேன்.

"இங்க டிசம்பர்லயே போடறோம், முசே."

அங்கே அறைக்குள் ஹீட்டர் ஓடுகிறது. அதை அவர் சொல்லவில்லை.

ஷாம்ப்வேன் என்று அவர் சொன்னது, நுரையை மேலோட்டமாகத் தேய்த்து இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் வேலையை. மழை விடுமுன்னே மாற்றுச் சாவியோடு அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஆளின் காதில் அது ஷாம்பு என்று விழுந்திருக்கிறது. நான் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது அறை முழுக்கத் தண்ணீர். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு பாக்கெட்டுகள் கிழிந்து கிடந்தன. தென்னந்துடைப்பத்தால் அவர் தண்ணீரைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"அம்மாதான் சார் ஷாம்பு போடச் சொன்னாங்க. இதுவும் முடி மாதிரிதான சார் இருக்கு. நல்லா அலசி உட்டுட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் மறுநாள் வந்தது, கம்பளம் எழும்பியபோது. அடித்துணி தண்ணீரைக் குடித்து ஊறி விரிந்திருந்தது. பசை விட்டுவிட்டது. அறையைவிடப் பெரிதாகிவிட்ட துணிக்குப் போக இடமில்லை. மேலே எழும்பி மடிப்பு மடிப்பாக நின்றது. பெரிய மடிப்பு, கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே, குறுக்காக. அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். அங்கே அமுங்கி, ஒரு முழம் தள்ளி எழும்பியது.

மனைவியை வீட்டுக்கு அனுப்பும்போது, "இன்னொரு தடவை விழக் கூடாது" என்றார் மருத்துவர். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் வாக்கரைப் பிடித்தபடி படுக்கையறை வாசலில் நின்றாள்.

"ஏங்க, தரை ஏன் எந்திரிச்சு நிக்குது?"

படம் எடுத்துப் பாரீசுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"காஞ்சா சரியாயிடும், முசே. பீச் பக்கத்து வீட்ல அலை இல்லாம இருக்குமா?" சிரித்தார்.

சரியாயிடும். நாளிதழில் செய்தி திருத்திய காலத்தில் இப்படி ஒரு வினைச்சொல் வந்தால், யார் சரிசெய்வது என்று ஓரத்தில் எழுதி நிருபருக்கே திருப்பி அனுப்புவேன். இப்போது வாய்விட்டுக் கேட்டேன்.

"யாரும்மா சரிபண்றது?"

"அதுவா ஆயிடும்."

ஐப்பசியில் இங்கே கைக்குட்டை காய்வதில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. அறையில் நனைந்த நாயின் வாடையும் மல்லிகை ஷாம்பு வாடையும் கலந்து நின்றன.

பிறகு ஒரு நாள் குளியலறைக்குப் போகும்போது, நான் பக்கத்தில் இருந்தும், வாக்கரின் முன்கால் மடிப்பில் மாட்டியது. அவள் முன்னால் சாய்ந்தாள். தோளைப் பிடித்து இழுத்தேன். கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். அடி படவில்லை.

"ஒண்ணுமில்ல. அதான் புடிச்சிட்டீங்கல்ல" என்றாள். வாக்கரை மட்டும் விடவில்லை.

மறுநாள் பார்த்தால், காலையில் வைத்த தண்ணீர்ச் செம்பு மாலைவரை அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். முதலில் தாகமில்லை என்றாள். திரும்பக் கேட்டதும் எரிந்து விழுந்தாள்.

"குடிச்சா போவணும்ல? அத தாண்டிதான போவணும்?"

ஒரு துணிக்குப் பயந்து ஒரு மனுஷி தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். வீடியோவில் பாரீசைக் கூப்பிட்டேன். கம்பளத்தை எடுக்க வேண்டும் என்றேன்.

"ஐயோ, தொடாதீங்க! போட்டவங்கதான் எடுக்கணும். ஜனவரில வர்றேன்ல, பாத்துக்கலாம். அதுவரைக்கும் அவங்கள அந்தப் பக்கம் நடக்க வேணாம்னு சொல்லுங்க."

"பாத்ரூம் அந்தப் பக்கம்தான் இருக்கு."

"வெளிய இன்னொண்ணு இருக்கே, முசே?"

"அதுல கீழ உக்காரணும். இடுப்புல பிளேட் வெச்சிருக்கு."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க. சரியாயிடும்."

போனை அணைக்காமல் தலையணையில் சாய்த்து வைத்தேன். மேசை இழுப்பறையிலிருந்து காகிதம் வெட்டும் கத்தியை எடுத்துவந்து, கட்டிலின் காலிலிருந்து தொடங்கினேன்.

"முசே, என்ன பண்றீங்க? மோன் தியே! அது என்ன விலைனு தெரியுமா? முசே!"

ஈரத்தில் கத்தி சரியாக ஓடவில்லை. ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பக் கீற வேண்டியிருந்தது. கீழே மொசைக் தரை தெரிந்தது, பசை திட்டுத் திட்டாக. குளியலறை வாசல்வரை ஒரு பட்டையாக வெட்டிச் சுருட்டி வெளியே எறிந்தேன். தரையைச் சுரண்டித் துடைத்தேன். பாரீசில் அம்மாள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடியே, வாக்கரின் நான்கு கால்களையும் அந்தப் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாசல்கிட்ட இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டுங்க. திரும்பணும்ல."

வெட்டினேன்.