கோட்டுப் பையில் ஓர் எலுமிச்சம்பழம்

நண்பர்களே, இன்று ஒரு நாள்தான் எனக்குப் பெங்களூர். எங்கள் பெயின்ட் கம்பெனிக்காக ஒரு பெரிய இஞ்சினியரைப் பார்த்துப் பழக்கம் செய்துகொள்ள வேண்டும். முடிந்தால் லால்பாக்கையும் பார்க்க வேண்டும்.

பெரிய மனிதர்களை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதே! கோட்டுப் பையில் எலுமிச்சம்பழத்தோடு பசவனகுடியில் அவர் வீட்டு வராந்தாவில் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே நாலைந்து எலுமிச்சம்பழங்கள் காத்திருந்தன.

மத்தியானம் சமையல்காரர் வந்து, "ஐயா ஊர்ல இல்லீங்க" என்றார்.

ராத்திரி எனக்கு ரயில். போகட்டும் என்று ஜட்கா பிடித்து லால்பாக் போனேன்.

கண்ணாடி மாளிகை அருகே பெஞ்சில் ஒருவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். ரோஜாக்களைப் பற்றி வெகுநேரம் பேசினோம்.

"வீட்ல இருக்க முடியல சார். இஞ்சினியரா இருக்கறது தப்பா? ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்தோட வராந்தால வந்து ஒக்காந்துடறாங்க. கொல்லைப் பக்கமா ஓடி வந்துட்டேன்" என்றார்.

அவரேதான்! பையிலிருந்த பழத்தை இன்னும் ஆழமாக அமுக்கினேன்.

"மெட்ராஸ்லேர்ந்து பூ பாக்கறதுக்குன்னே வந்திருக்கீங்களே! என்ன உத்தியோகம்?"

"பள்ளிக்கூட வாத்தியார்" என்றேன்.

"அதான பாத்தேன்! அடுத்த தடவை வீட்டுக்கே வாங்க. வராந்தா பக்கம் போகாதீங்க. கொல்லையில பெயின்ட் உரிஞ்ச கதவு ஒண்ணு இருக்கு, அதத் தட்டுங்க."

ரயிலுக்குக் காத்துக்கொண்டே எழுதுகிறேன். உரிந்த பெயின்ட்டைப் பற்றி ஒரு வாத்தியார் எவ்வளவு தூரம் பேசலாம், சொல்லுங்கள்.